பின்னறை யன்னலின் பித்தளைத் திருகாணிகள்

மகன்,

நீ பதிவுசெய்திருக்கும் ஹோட்டல் அறையின் யன்னலைத் திறந்தால் நேரே கடல் தெரியும் என்று சொன்னாய். தெரியும். பக்கமெல்லாம் கடல் சூழ்ந்த ஊரில் கடலைக் காட்டாத யன்னல் ஒன்றை வைப்பதற்குத்தான் திறமை வேண்டும். நம் லிங்கநகர் வீட்டின் பின்னறை யன்னலுக்கு அந்தத் திறமை உண்டு. அடுத்த வீட்டு மதிலையும், மதிலுக்கு மேலால் எட்டிப் பார்க்கும் ஒரு முருங்கைக் கிளையையும் தவிர அது வேறெதையும் எவருக்கும் காட்டியதில்லை. நீ அதனருகே படுத்துத்தான் வளர்ந்தாய். ஆகவே இப்போதாவது உனக்குக் கடல் தெரியும் யன்னல் ஒன்று கிடைப்பதில் எனக்கு ஆட்சேபம் இருக்கக் கூடாது. இருக்கிறது.

போன மாதம் நீ போனில் பேசியதை மறுபடியும் மறுபடியும் நினைத்துப் பார்க்கிறேன். "ஹோட்டல் புக் பண்ணிட்டன், அப்பா" என்றாய். வீடு இருக்கிறதே என்றேன். நீ சொன்னாய்: "அந்தப் பின்னறையில என்னால படுக்க ஏலாது. பிள்ளையையும் படுக்க வைக்க மாட்டன். அந்த யன்னல் கம்பியைக் கழட்டுங்கோ, வீட்டுக்கு வாறன்." நான் ஓம் என்றேன். நம் ஊரில் ஓம் சொல்வதற்கு முன் யாரும் யோசிப்பதில்லை. யோசிப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

வீட்டில் இருப்பது இரண்டு அறை. முன்னறையில் நானும் என் புத்தகங்களும் இருக்கிறோம். புத்தகங்களுக்குத்தான் அதிக இடம். உன் மனைவியும் மகளும் நீயும் தங்குவதென்றால் பின்னறைதான். நீ ஊரை விட்டுப் போன பிறகு முதல் தடவையாக வருகிறாய். அடுத்த தடவை எப்போதென்று நீ சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வைத்தியர் முன்பெல்லாம் என் இதயத்தைப் பற்றி நெடுநேரம் விளக்குவார். இப்போது இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு, மகன் எப்போது வருகிறார் என்று விசாரிக்கிறார். அது நல்ல அறிகுறியல்ல. ஆகவே நீ வரும் சனிக்கிழமைக்கு முன் அந்தக் கம்பிச் சட்டம் யன்னலிலிருந்து இறங்க வேண்டும். இறங்காவிட்டால் நீ ஹோட்டலிலிருந்து தினமும் வந்து, முன் விறாந்தைக் கதிரையில் உட்கார்ந்து, தேத்தண்ணீர் குடித்துவிட்டு, விருந்தாளியாகப் போய்விடுவாய். உன்னை விருந்தாளியாகப் பார்க்க எனக்குப் பழக்கமில்லை. பழகிக்கொள்ளக் காலமும் இல்லை.

உன் அம்மா இருந்திருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலை இருந்திராது. வீட்டில் திருகாணியோடு பேசத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அவளுடைய தகப்பன் படகு கட்டியவர். கல்யாணமாகி வரும்போது மரப்பிடி போட்ட ஒரு ஸ்குரூ டிரைவரைச் சேலைகளுக்கு நடுவில் வைத்துக் கொண்டுவந்தாள். என் வீட்டார் கேட்ட சீதனத்தில் அது இருக்கவில்லை. கேட்ட எதையும்விட அதுதான் அதிக காலம் உழைத்தது. மின்விசிறி, குசினி அலுமாரியின் பிணைச்சல், உன் சைக்கிள் மணி எல்லாம் அவள் கை பட்டவை. துறைமுகக் கந்தோரில் முப்பது வருடம் லிகிதராக இருந்த நான், மேசை லாச்சியின் பிடி கழன்றால்கூட அதை அவளிடம் கொண்டுவந்து கொடுப்பேன்.

எனக்கு எதைச் செய்வதற்கு முன்னும் அதைப் பற்றிப் படித்துவிட வேண்டும். படித்ததோடு நின்றுவிடுவதும் உண்டு. இந்த முறை நிற்க முடியாததால், திருகாணித் தலைகளைப் பற்றிப் படித்தேன். உனக்குத் தொழிலே அதுதான், நீ கனடாவில் வீடு வீடாகப் போய்க் குசினி அலுமாரிகளைத் திருகிப் பூட்டுகிறவன், இருந்தாலும் கேள். தலையில் ஒரே ஒரு கோடு வெட்டியதுதான் எல்லாவற்றுக்கும் மூத்தது. அதற்கு அந்நியர் என்று யாருமில்லை. ஸ்குரூ டிரைவர் இல்லையென்றால் மேசைக் கத்தி, அதுவும் இல்லையென்றால் ஒரு ஐந்து ரூபாய் நாணயக் குற்றி, எதற்கும் தலை கொடுக்கும். பொருந்தாததை வேண்டாமென்று சொல்லத் தெரியாததுதான் அதன் குறை. பொருந்தாதது வழுக்கி வந்து உன் உள்ளங்கையில் ஏறும். அடுத்தது குறுக்கும் நெடுக்குமாக வெட்டியது. கடைக்காரர்கள் அதை ஸ்டார் என்கிறார்கள். நாலு மூலை மட்டும் உள்ளது எப்படி நட்சத்திரமானது என்று யாரும் கேட்பதில்லை. அதைவிடக் குறைந்த தகுதியோடு நட்சத்திரமானவர்களை நாம் பார்த்திருக்கிறோம். அளவுக்கு மேல் பலம் கொடுத்தால் ஸ்டார் தன்னைத் திருப்பும் கருவியை வெளியே தள்ளிவிடும். அது ஒரு எச்சரிக்கை. நாம் கேட்பதில்லை. மீண்டும் அழுத்துவோம், மீண்டும் தள்ளும், ஒவ்வொரு தள்ளலிலும் ஒரு மூலை தேயும். கடைசியில் நாலு மூலையும் போய் நடுவில் ஒரு வட்டக் குழி மிஞ்சும். அதற்குப் பிறகு உலகத்திலுள்ள எந்த ஸ்குரூ டிரைவரும் அந்தக் குழிக்குள் சுகமாகச் சுற்றும். திருகாணி மட்டும் அசையாது. நானும் நீயும் இத்தனை வருடம் போனில் பேசிக்கொண்டது ஏறக்குறைய அப்படித்தான்.

அறுகோணக் குழி போட்டது ஒன்று உண்டு. பெட்டியில் வந்து நாமே பூட்டிக்கொள்ளும் மேசை கதிரைகளோடு வரும். அதன் சாவியை மேசை உடையும் வரை பத்திரமாக வைத்திருப்போம், உடைந்த அன்று காணாமற் போகும். ஆறு முனை வைத்தது ஒன்று உண்டு. போனையும் கம்பியூட்டரையும் செய்கிறவர்கள், வாங்கியவன் திறந்து பார்த்துவிடக் கூடாது என்பதற்காகப் பூட்டுவது. ஏற மட்டும் விளிம்பு வைத்து, இறக்கப் பார்த்தால் சறுக்கும்படி செய்ததும் ஒன்று உண்டு. அதைப் பொதுக் கழிப்பறைகளிலும் அரசாங்கப் பெயர்ப்பலகைகளிலும் போடுவார்கள் என்று வாசித்தேன். ஏறியவர் இறங்காத ஒரு நாட்டில் அது இன்னும் பரவலாகப் புழக்கத்துக்கு வராதது வியப்புத்தான். கடைசியாக, நீ இருக்கும் நாட்டின் சதுரக் குழி. கருவி அதற்குள் போய் நின்றால் கையை விட்டாலும் விழாதென்று வீடியோவில் செய்து காட்டினாய். அதே வீடியோவில், உங்கள் மாடி வீட்டின் யன்னல் ஒரு சாணுக்கு மேல் திறக்காதபடி நீ ஒரு கட்டையைத் திருகியிருந்ததும் தெரிந்தது. பிள்ளை ஏறி விழுந்துவிடக் கூடாது என்பதற்காக என்றாய். நல்லது என்றேன். அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. இப்போதும் சொல்லவில்லை.

நம் பின்னறை யன்னலில் இருப்பவை இந்த எந்த வகையிலும் சேராதவை. அவற்றுக்குத் தலை உண்டு, தலையில் கோடு இல்லை. இரும்புச் சட்டத்தோடு சமமாக, தடவினால் விரலுக்குத் தட்டாதபடி வழுவழுப்பாக இருக்கின்றன. மேலே வருடக்கணக்கான பெயின்ட். திருகாணி என்று தெரியாமலே நான் முதல் நாள் தேடிக்கொண்டிருந்தேன். பெயின்டைச் சுரண்டியபோது ஒரு சிறு மஞ்சள் வட்டம் தெரிந்தது. பித்தளை.

அதைப் போனில் படமெடுத்துக்கொண்டு, நகரத்தில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கும் கிண்ணியாக்காரரிடம் போனேன். என்னைவிட இளையவர்தான், அண்ணன் என்று அழைக்க நியாயமில்லை, ஆனாலும் ஊரார் எல்லாரும் நானா என்பதால் நானும் நானா என்கிறேன். அவர் என்னைச் சேர் என்பார். முதலில் தடித்த இறப்பர் துண்டு ஒன்று தந்தார், தலைக்கும் கருவிக்கும் நடுவில் வைத்து அழுத்தச் சொல்லி. பிறகு ஒரு பசை. பிறகு, துளை போட்டு எதிர்ப்பக்கமாகச் சுற்றி இழுக்கும் ஒரு கருவி. அது என் கையில் திருகாணிக்குள் போகாமல் என் கட்டைவிரலுக்குள் போனது. நாலாவது தடவை கட்டுப் போட்ட விரலோடு நான் படியேறியதும், "சேர் கழட்ட வாங்கின சாமானெல்லாம் சேர்த்தா இன்னொரு யன்னல் பூட்டலாம் போல" என்றார். பிறகு போனை வாங்கி, படத்தைப் பெரிதாக்கி, கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இது தேஞ்சதில்ல சேர். தேய்ச்சது."

"தெரியும் நானா."

"வேணுமெண்டு அரம் போட்டிருக்கு. ஆரு?"

"வீட்டு ஆக்கள்தான்."

அவர் போனைத் திருப்பித் தந்துவிட்டு, அடுத்து நின்றவருக்கு ஆணி நிறுக்கத் தொடங்கினார். இந்த ஊரில் அவர் வயதுக்காரர்களுக்கு ஒரு யன்னலைப் பற்றி எந்தக் கேள்வியோடு நிறுத்த வேண்டும் என்று தெரியும்.

வெட்டி எடுத்திருக்கலாம். கப்பல்துறையிலிருந்து ஒரு வெல்டிங் பையனை வரச்சொன்னேன். கிரைண்டரோடு வந்தான், யன்னலைப் பார்த்தான், பத்து நிமிச வேலை ஐயா என்றான். கம்பிகள் போய்விடும், ஆனால் திருகாணிகளின் அடிக்கட்டை மரத்துக்குள்ளேயே நிற்கும், அதன் மேல் பூச்சுப் பூசிவிடலாம் என்றான். நாட்டின் பெரிய பிரச்சினைகளையும் அப்படித்தான் தீர்த்திருக்கிறோம் என்பதால் முறையைக் குறை சொல்ல முடியவில்லை. ஆனாலும் அவனுக்குத் தேத்தண்ணீர் கொடுத்து அனுப்பிவிட்டேன். ஒருவர் திருகிப் பூட்டியதை வெட்டி எறிவதற்கு எனக்குக் கை வரவில்லை. யார் பூட்டியது என்பதை இப்போது சொல்ல வேண்டும்.

நீ சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு இருந்த வருடம். ரியூசன் வகுப்பில் உன் வாங்கில் உனக்குப் பக்கத்தில் இருந்த பையன் ஒரு விடியற்காலை வீட்டில் இல்லை. அவனுடைய யன்னல் திறந்திருந்தது, நுளம்பு வலை கலையாமல் இருந்தது. எடுத்துக்கொண்டு போனார்களா, தானாக எழும்பி இயக்கத்துக்குப் போனானா என்று எவருக்கும் தெரியவில்லை. அந்தக் காலத்தில் இரண்டும் நடந்தது. இரண்டையும் செய்ய ஆட்கள் இருந்தார்கள். அவனுடைய தாய் இராணுவ முகாம், இயக்கம் என்று இரண்டு விதமான வாசல்களுக்கும் போய் நின்று கேட்டாள். எங்கும் ஒரே பதில்தான்: இங்கே இல்லை. உன் அம்மா அந்த வீட்டுக்குப் போய்வந்தாள். உன் அறைக்குள் போய் யன்னலின் அகலத்தைச் சேலைத் தலைப்பால் அளந்தாள். எடுக்க வருபவர்களுக்கும் எழும்பிப் போகிறவனுக்கும் அவளிடம் இருந்தது அந்த ஒரு யன்னல்தான்.

சட்டத்தை வெல்டிங் கடையில் செய்வித்தாள். திருகாணிகளை மட்டும் கடையில் வாங்க மறுத்து, தன் தம்பியின் படகுப் பட்டறைக்குப் போய்ப் பித்தளையில் எடுத்து வந்தாள். இரும்பு போதாதா, இதிலென்ன ஆடம்பரம் என்று கேட்டேன். "இரும்பு கடல் காத்துக்கு மரத்தோட ஒட்டிப் போயிடும். ஆரும் படகுக்கு இரும்பு பூட்டுவினமோ?" என்றாள். இது படகில்லையே என்று நான் சொன்னதை அவள் பதிலுக்குரிய பேச்சாக எடுக்கவில்லை. பித்தளைதான் காலத்துக்கும் நிற்கும் என்று நினைக்கிறாள், ஆயுள் தண்டனைக்கு ஏற்ற உலோகம் தேடுகிறாள் என்று நானாக முடிவுசெய்துகொண்டேன். புத்தகம் படிக்கிறவர்களிடம் உள்ள தொல்லை இது. அர்த்தம் கிடைத்துவிட்டால் அதற்கு மேல் கேட்கமாட்டோம்.

அடுத்த நாள் நான் கந்தோரால் வந்தபோது சட்டம் ஏறிவிட்டது. தனியாகச் செய்திருந்தாள். தையல் மெசினை யன்னலடிக்கு இழுத்து, அதன்மேல் சட்டத்தை நிறுத்திப் பூட்டியிருந்தாள். இப்போது அரத்தால் தலைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். வெளிப்பக்கம் பூட்டினால் வெளியாள் கழற்றுவான், உட்பக்கம் பூட்டினால் உள்ளே இருப்பவன் கழற்றுவான். ஆகவே உட்பக்கம் பூட்டி, கோட்டை அழித்துவிடுவது என்பது அவளுடைய ஏற்பாடு. நான் வாசலில் நின்று கேட்டேன்: "இனிக் கழட்ட ஏலாதோ?" ஏலாது என்றாள். "எப்பவுமோ?" என்று கேட்டேன். அவள் பதில் சொல்லவில்லை. அரத்தின் சத்தம்தான் கேட்டது. மஞ்சள் தூள் அவள் கையில், கழுத்தில், மடியில் எல்லாம் படிந்திருந்தது. பொன்னில் குளித்தவள் போல இருந்தாள். அழுதுகொண்டிருந்தாள்.

அன்று பின்னேரம் நீ சைக்கிளை மதிலில் சாய்த்துவிட்டு உள்ளே போனாய், உடனே திரும்பி வந்தாய். அம்மா குசினி வாசலில், கைகளைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டு நின்றாள். "ஆர் செய்தது?" என்று கேட்டாய். நான் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தேன். "நான்" என்றேன். "நான் என்ன நாயோ, அடைச்சு வைக்க?" என்றாய். நான் பக்கத்தைப் புரட்டினேன். அந்தப் பக்கத்தில் நெற்பயிருக்கு வரும் ஒரு நோயைப் பற்றி எழுதியிருந்தது. இன்றைக்கும் யாராவது கேட்டால் அந்த நோயின் அறிகுறிகளை வரிசையாகச் சொல்வேன்.

அப்படிச் சொல்வதென்று நாங்கள் பேசி வைத்துக்கொள்ளவில்லை. ஒரு பதினாறு வயதுப் பையனுக்கு வீட்டில் கோபிக்க ஓர் ஆள் வேண்டும். அவள் உனக்குச் சோறு போடுகிறவள்; அவள் மேல் கோபம் வந்தால் நீ சாப்பிடமாட்டாய். என் கையால் உனக்கு வருவது ரியூசன் காசு மட்டும், அதைக் கோபத்தோடும் வாங்கலாம். ஆகவே அந்த உத்தியோகத்தை நான் எடுத்துக்கொண்டேன். ஓய்வூதியம் இல்லாத உத்தியோகம் என்பது அப்போது தெரியாது. எனக்கு விளங்காதது ஒன்றுதான், மகன். நீ எப்படி நம்பினாய்? அந்தச் சட்டம் நாலு பக்கமும் ஒரு நூல் பிசகாமல் நின்றது. நான் மாட்டிய கலண்டர்கூட இந்த வீட்டில் நேராகத் தொங்கியதில்லை.

அதற்குப் பிறகு நீ என்னோடு தேவைக்கு மட்டும் பேசினாய். இரண்டு வருடம் கழித்து, பையைத் தோளில் போட்டுக்கொண்டு, முன் கதவால், பட்டப்பகலில், எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கக் கொழும்புக்குப் போனாய். அங்கிருந்து இன்னும் தூரம் போனாய். முன் கதவுக்கு யாரும் கம்பி போடுவதில்லை. நீ போய்ச் சேர்ந்த செய்தி வந்ததும், இனிக் கம்பியை எடுத்துவிடலாமே என்று அவளிடம் சொன்னேன். "அவன் வந்து கழட்டட்டும்" என்றாள். சண்டை முடிந்து, வீதித் தடைகள் போய், பிள்ளைகள் இரவில் படம் பார்த்துவிட்டு வரத் தொடங்கிய பிறகும் ஒருமுறை கேட்டேன். அதே பதில். பிடிவாதம் என்று நினைத்தேன். ஒவ்வொரு மார்கழியும் நத்தார்ப் பண்டிகைக்கு வீட்டுக்குப் பெயின்ட் அடிக்க ஆள் வருவான். அந்தச் சட்டத்தை மட்டும் அவள் யாரையும் தொடவிடாமல் தானே அடிப்பாள். அவள் இறந்தபோது ஊருக்கு வர உன் பேப்பர்கள் சரிவரவில்லை. அடக்கப் பூசையின்போது கோயிலில் யாரோ உனக்காகப் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அவர்களுடைய கை சோர்ந்து சரிந்ததால் நீ பாதி நேரமும் கூரையைத்தான் பார்த்திருப்பாய்.

இந்தக் கிழமை அந்தப் பெயின்டை நான் முழுவதும் சுரண்டினேன். மேலே வெள்ளை, அதற்குக் கீழே ஒரு பச்சை, அதற்கும் கீழே நீ பள்ளிக்கூடம் போன காலத்து நீலம். கட்டில் பக்கமாக, கீழ் மூலையில் இருக்கும் திருகாணியைச் சுற்றி, நீலத்துக்கும் அடியில், கீறல்கள் இருந்தன. கவராயத்தின் கூரால் தோண்டிய கீறல்கள். பித்தளையில் ஒரு கோடு வெட்டப் பார்த்திருக்கிறாய். ஒரு நாள் வேலையல்ல அது. எங்கே போவதற்கு என்று நான் கேட்கப் போவதில்லை. பதினாறு வயதில் எனக்கும் தெரிந்திருக்காது. ஆனால் அந்த முதல் நத்தாருக்கு நீலத்தை அடித்தவள் உன் அம்மா. கீறலைக் காணாமல் அதன்மேல் பெயின்ட் தடவ முடியாது. கண்டிருக்கிறாள். உன்னிடமும் கேட்கவில்லை, என்னிடமும் சொல்லவில்லை. நான் முன்னறையில் நிம்மதியாகப் படித்துக்கொண்டிருந்திருப்பேன்.

கடைசியில் எனக்கு வழி காட்டியது உன் கீறல்கள்தான். நானா தந்த சாமான்களையெல்லாம் ஒரு பக்கம் வைத்துவிட்டு, இரும்பு அரியும் வாளின் அலகில் பாதியை உடைத்து, துணி சுற்றிப் பிடித்து, நீ தொடங்கிய வேலையை மற்றத் திருகாணிகளில் செய்தேன். பித்தளை மென்மையானது, எழுபது தாண்டிய கைக்கும் இணங்கும். ஒரு தலைக்கு ஒரு காலைப்பொழுது ஆனது. கோடு விழுந்ததும் உன் அம்மாவின் மரப்பிடி ஸ்குரூ டிரைவரை அதில் வைத்தேன். கடற்காற்றில் இத்தனை வருடம் இருந்தது அசையாது, அல்லது இரண்டாக முறியும் என்று எதிர்பார்த்து, பல்லைக் கடித்துக்கொண்டு, வீட்டிலிருந்த முழுப் பலத்தையும் கொடுத்தேன். அந்தப் பலத்துக்கு அவசியமே இருக்கவில்லை. திருகாணி நேற்றுப் பூட்டியதுபோலத் திரும்பியது. சத்தமே இல்லை. தானாகவே எழும்பி வருவதுபோல வந்து என் கைக்குள் விழுந்தது. அதன் புரிகளுக்குள் பழுப்பாக ஏதோ படிந்திருந்தது. நகத்தால் எடுத்து விரல் நடுவில் உருட்டினேன். மெழுகு.

அடுத்ததிலும் மெழுகு. அதற்கடுத்ததிலும். நான் கட்டிலில் உட்கார்ந்து, படகுப் பட்டறை வைத்திருக்கும் உன் மாமாவுக்குப் போன் எடுத்து, திருகாணிக்கு மெழுகு எதற்காகப் பூசுவது என்று கேட்டேன். அவருக்கு நான் ஏன் கேட்கிறேன் என்று தெரியாது. பட்டறைச் சத்தத்துக்குள்ளிருந்து சத்தமாகச் சொன்னார்:

"எல்லாத்துக்கும் பூசிறேல்லை அத்தான். பிறகு கழட்ட வேண்டிய பலகைக்கு மட்டும்தான்."

நான் போனை வைத்துவிட்டேன். உனக்காகக் கோயிலில் கொளுத்திய மெழுகுதிரியின் மிச்சம் அது என்று எழுதினால் இந்தக் கடிதத்துக்கு அழகாக இருக்கும். கரண்ட் போனால் கொளுத்தும் சாதாரண மெழுகுதிரியாகத்தான் இருந்திருக்கும். அன்று காலை அவள் தனியாக நின்று, ஒவ்வொரு திருகாணியையும் மெழுகில் உருட்டி, மரத்துக்குள் ஏற்றி, பிறகு அதன் தலையை அரத்தால் அழித்திருக்கிறாள். பித்தளை எடுத்ததும் அதற்காகத்தான்; இரும்பு மரத்தோடு ஒட்டிப் போயிருக்கும். எப்பவுமோ என்று நான் வாசலில் நின்று கேட்டபோது அவள் பதில் சொல்லாதது பதில் இல்லாததால் அல்ல. பதில் அப்போதே மரத்துக்குள் இருந்தது. வாயால் சொன்னால் நீ கேட்டுவிடுவாய் என்று பயந்திருப்பாள்.

உனக்குப் புத்திமதி சொல்ல வேண்டிய இடம் இது. உன் வயதில் உள்ளவனுக்கு அது வழுக்கும் என்று தெரியும். ஆகவே ஒன்று மட்டும். உன் கோபத்தை அவள் மேல் திருப்புவதற்காக இதை எழுதவில்லை. அது என் பெயரில் இருந்து பழகிவிட்டது, இருக்கட்டும். அவள் பயந்து செய்த காரியத்தை நீ பாதிதான் பார்த்திருக்கிறாய். நான் அந்த வீட்டிலேயே இருந்தும் பாதிதான் பார்த்தேன். மற்றப் பாதி என் மேசையில், ஒரு கிளாசுக்குள், மெழுகோடு கிடக்கிறது.

ஒரு விஷயத்தில் நான் உனக்குக் கொடுத்த சொல்லைக் காப்பாற்றவில்லை. சட்டத்தை முழுவதுமாகக் கழற்றவில்லை. கட்டில் பக்கத்துக் கீழ் மூலையில் இருப்பதை, உன் கீறல்கள் உள்ளதை, அப்படியே விட்டிருக்கிறேன். கோடு மட்டும் வெட்டி வைத்திருக்கிறேன். அதுவும் உன் கீறலின் மேலேயே. சட்டம் இப்போது அந்த ஒன்றில் நிற்கிறது, ஒரு பக்கமாகக் கொஞ்சம் சரிந்து. இந்த வீட்டில் நான் கை வைத்தவை எல்லாம் நிற்பதுபோல. அவன் வந்து கழட்டட்டும் என்று அவள் சொன்னதை நான் பிடிவாதம் என்று நினைத்தேன். அது பிடிவாதமல்ல. காத்திருந்தாள். நான் அதைக் கழற்றிவிட்டால் அவள் காத்திருந்தது வீணாகிவிடும்.

கழற்றிய பிறகு அந்த யன்னலுக்குக் கம்பி இராது. உன் மகள் அதற்குக் கீழே படுப்பாள். படுக்க வைத்துவிட்டு நீ ஒருமுறை எழும்பி வந்து யன்னலைப் பார்ப்பாய் என்று எனக்குத் தெரியும். அப்போது என்ன செய்வதென்பது உன் பாடு. நான் பேப்பர் வாசித்துக்கொண்டிருப்பேன்.

ஹோட்டல் அறை இருக்கட்டும். கடல் எங்கேயும் போகாது. சனிக்கிழமை முதலில் இங்கே வா. உன் வேலை ஆயுதங்கள் எதையும் கொண்டுவரத் தேவையில்லை. அம்மாவுடையது யன்னல் விளிம்பில் இருக்கிறது.

அப்பா